கும்பகோணம் வங்கியும் கவுன்டருக்குப் பின்னால் இருந்தவர்களும்

1904 அக்டோபர் 31 அன்று கும்பகோணத்தில் 'தி கும்பகோணம் பேங்க் லிமிடெட்' தொடங்கப்பட்டது. இன்று சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் நாட்டின் பல மாநிலங்களில் கிளைகள் வைத்திருப்பது இந்த வங்கிதான். நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் அதன் பதிவு அலுவலகம் சென்னைக்குப் போகவில்லை, கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் வங்கிக் கிளை எப்படி வந்தது, அங்கே யார் யார் வேலை பார்த்தார்கள், ஒரே கிளையில் இருபது முப்பது வருடம் உட்கார்ந்தவர்களால் அந்த வங்கிக்கும் ஊருக்கும் என்ன கிடைத்தது என்று பார்க்க இந்த வங்கி நல்ல சான்று.

காவிரி டெல்டாவில் பணம் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. நாற்று விடும்போதும் நடவு நடக்கும்போதும் கையில் காசு வேண்டும். அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் அது திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கடன்தான் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கடனை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் கல்லிடைக்குறிச்சிப் பிராமணர்களும் உள்ளூர் மிராசுதார்களும் கொடுத்து வந்தார்கள். பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1843-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் கவனம் அரசாங்கக் கணக்கிலும் பெரிய வியாபாரத்திலும் இருந்தது. நிலத்தின் பேரில் கடன் கொடுக்கக் கூடாது என்று 1876-ஆம் ஆண்டுச் சட்டமே அந்த வங்கியைக் கட்டிப் போட்டிருந்தது. நிலத்தைத் தவிர வேறு சொத்தில்லாத டெல்டாக் குடியானவருக்கு அதனால் என்ன பயன்?

சேமிப்பின் கதை வேறு. கும்பகோணத்தில் 1854-இல் தொடங்கிய பள்ளி பிறகு கல்லூரியாக வளர்ந்துவிட்டது. நீதிமன்றங்கள் இருந்தன, ரயில் வந்திருந்தது. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும், கட்சிக்காரர் பணம் கையில் புழங்கும் வக்கீல்களும் ஒரு ஊர் அளவுக்குச் சேர்ந்துவிட்டார்கள். பட்டு, பித்தளைப் பாத்திரம், வெற்றிலை என்று வியாபாரமும் உண்டு. இவர்கள் மிச்சம் பிடித்த பணத்தை எங்கே வைப்பது? சென்னையில் 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற 'நிதி'கள் அதற்கு ஒரு வழி காட்டியிருந்தன. ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் பணம் போட்டு, தெரிந்தவர்களுக்கே கடன் கொடுப்பது அந்த முறை. கும்பகோணம் வங்கி அதைவிடப் பெரிய ஏற்பாடு. பங்குகளும் இயக்குநர் குழுவும் கொண்ட கம்பெனியாக அது அமைந்தது. ஆனாலும் ஆளைத் தெரிந்துகொண்டு பணம் கொடுக்கும் அந்தப் பழக்கத்தை அது விடவில்லை.

அன்றாட நிர்வாகத்தைச் சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரியிடம் கொடுத்து, அவருக்கு 'ஏஜென்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1904 முதல் 1926 வரை ஆர். சந்தானம் ஐயர், எஸ். கிருஷ்ண ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயங்கார், டி.எஸ். ராகவாச்சாரியார் ஆகியோர் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். வங்கி மேலாளரை 'ஏஜென்ட்' என்று அழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் வெகுகாலம் நீடித்தது. ஸ்டேட் வங்கிக் கிளைகளிலேயே 1970-கள் வரை அந்தப் பெயர் புழங்கியது. பழைய டெல்டாக் குடும்பங்களில் 'ஏஜென்ட் வீடு' என்றால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும்.

வங்கி தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை; 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் சேமிப்பை இழந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். இந்த அதிர்ச்சியிலிருந்துதான் இந்தியன் வங்கி பிறந்தது. அதற்கு முன்னின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரில் பிறந்தவர். 1907 ஆகஸ்ட் 15 அன்று அந்த வங்கி வேலையைத் தொடங்கியது. சென்னையில் புதிய வங்கி ஒன்றைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், கும்பகோணம் வங்கி தன் ஊரைத் தாண்டாமல் வேலை பார்த்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அது வெளியூரில் ஒரு கிளைகூடத் திறக்கவில்லை. வளரத் தெரியாத வங்கி என்று இதைச் சொல்லிவிட முடியாது. கடன் கேட்பவரின் நிலம் எங்கே, விளைச்சல் எவ்வளவு, அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்துவிட்டதா என்பதெல்லாம் தெரியாமல் கொடுத்த பணம் திரும்பாது என்பதை அக்காலத்து வங்கிகள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் கிளை 1930 ஜனவரி 24 அன்று மன்னார்குடியில் திறக்கப்பட்டது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நாகப்பட்டினம், சன்னாநல்லூர், ஐயம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மணப்பாறை, மாயவரம், பொறையார் என்று கிளைகள் வந்தன. மணப்பாறையைத் தவிர்த்தால் எல்லாமே பழைய தஞ்சாவூர் ஜில்லா. நெல் வியாபாரம் நடக்கும் ஊர்கள், பெரும்பாலும் ரயிலடி உள்ள ஊர்கள். கும்பகோணத்திலிருந்து காலையில் கிளம்பி, கணக்கைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய தூரம்தான் அநேகமாக. அந்தக் காலம் லேசானதும் அல்ல. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி மூடப்பட்டபோது தென்னிந்தியா முழுக்க வங்கி வாசல்களில் கூட்டம் கூடியது. அந்தச் சமயத்தில் சின்ன வங்கி ஒன்று தப்பிப் பிழைக்க வேண்டுமானால், பணத்தைத் திருப்பிக் கேட்டு வருபவரிடம் முகம் கொடுத்துப் பேசி, கேட்டதை எண்ணிக் கொடுக்கும் ஆள் கவுன்டரில் இருக்க வேண்டும். 1945 மார்ச் 22 அன்று இந்த வங்கி ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டு 'ஷெட்யூல்டு பேங்க்' ஆனது.

அக்காலத்துக் கிளை ஒன்றில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏஜென்ட், அவருக்கு அடுத்து கணக்கைப் பார்க்கும் அக்கவுன்டன்ட், கேஷியர், இரண்டு மூன்று கிளார்க்குகள், பியூன், ராத்திரிக்கு வாட்ச்மேன். நகைக் கடன் கொடுக்கும் கிளையானால் நகை மதிப்பீட்டாளர். ஏஜென்டும் அதிகாரிகளும் சில வருடங்களில் மாற்றலாகிப் போவார்கள். மற்றவர்கள் அப்படி இல்லை. எந்த ஊர்க் கிளையோ அந்த ஊர்க்காரர்கள், அல்லது பத்து மைல் சுற்றளவுக்காரர்கள். வேலைக்குச் சேர்ந்த மேஜையிலிருந்து நாலு மேஜை தள்ளி உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

காலையில் ஸ்ட்ராங் ரூமைத் திறப்பதிலிருந்து வேலை ஆரம்பிக்கும். கேஷியரிடம் ஒரு சாவி, அதிகாரியிடம் ஒரு சாவி; இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் லீவு என்றால் சாவியை இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். இந்தக் கூட்டுப் பொறுப்பு இன்றைக்கும் மாறவில்லை.

பணம் எடுக்க வருபவர் செக்கையோ வித்டிராயல் ஸ்லிப்பையோ கிளார்க்கிடம் கொடுத்தால், எண் பொறித்த பித்தளை டோக்கன் கைக்கு வரும். கிளார்க் லெட்ஜரைப் புரட்டி, அந்தக் கணக்குக்குரிய பக்கத்தில் பற்று எழுதி, மீதியைப் போட்டு, ஓரத்தில் இனிஷியல் வைப்பார். அது அதிகாரியிடம் போகும். அவர் கையெழுத்து மாதிரி அட்டையை எடுத்து ஒப்பிட்டு 'பாஸ்' செய்வார். பிறகு கேஷியருக்குப் போய், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுப் பணம் தரப்படும். இவ்வளவும் நடக்க அரை மணி நேரம் ஆகலாம். அனுபவப்பட்ட லெட்ஜர் கிளார்க்குக்கு இதில் பாதி மனப்பாடம். ஆள் வாசல்படி ஏறும்போதே அவருடைய ஃபோலியோ நம்பர், அதாவது லெட்ஜர் பக்க எண், நினைவுக்கு வந்துவிடும். கையெழுத்தைப் பார்த்தவுடன் 'இது அவர் போட்டதில்லை, பையன் போட்டது' என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரிக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. கிளார்க்கின் இனிஷியல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் பேனாவை எடுப்பார். ஏட்டளவில் பாஸ் செய்யும் அதிகாரம் அதிகாரிக்கு; அந்த அதிகாரத்தைத் தைரியமாகப் பயன்படுத்த வைத்தது பழைய ஆளின் நினைவு.

சாயங்காலம் கதவை மூடிய பிறகு வேறொரு வேலை. அன்றைய ரசீதுகளும் செலவுச் சீட்டுகளும் டே புக்கில் ஏறி, ரொக்கம் எண்ணி முடித்து, இரண்டும் ஒத்துப் போக வேண்டும். 'டாலி' ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. மாதாமாதம் லெட்ஜர் முழுவதையும் கூட்டி ஜெனரல் லெட்ஜரோடு ஒப்பிடும் 'பேலன்சிங்' உண்டு. ஒன்பது ரூபாய் உதைத்தால், எந்த இடத்தில் எண்கள் இடம் மாறி விழுந்திருக்கும் என்று தேடுவார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் முன்பின்னாக எழுதப்பட்டிருக்கலாம் என்பது கணக்குப் பிள்ளைகள் வழிவழியாகக் கற்றுக்கொடுத்த சூத்திரம். ஜூன் 30-ம் டிசம்பர் 31-ம் அரையாண்டு 'க்ளோஸிங்'. வங்கிகளின் கணக்காண்டு 1980-களின் கடைசி வரை டிசம்பரில்தான் முடிந்தது. மார்ச் 31-க்கு மாறியது அதற்குப் பிறகு. ஆயிரக்கணக்கான சேமிப்புக் கணக்குகளுக்குக் கையால் வட்டி போட்டு முடிக்க, நடுராத்திரி தாண்டியும் கிளையில் விளக்கு எரியும்.

சேமிப்புக் கணக்கு வட்டியில் ஒரு விசேஷம் இருந்தது. மாதத்தின் பத்தாம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்சத் தொகைக்குத்தான் வட்டி. பத்தாம் தேதி வங்கி மூடுவதற்குள் போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி உண்டு, பதினொன்றாம் தேதி போட்டதற்கு இல்லை. இருபத்தெட்டாம் தேதி பெரிய தொகையை எடுத்துவிட்டால் அந்த மாத வட்டி போச்சு. இதைத் தெரியாமல் வருபவரிடம், 'மூணு நாள் பொறுத்து ஒண்ணாந் தேதி வாங்க' என்று சொல்லி அனுப்பிய கிளார்க்குகளால் சிறு வாடிக்கையாளர்களுக்கு மிச்சமான தொகை எந்த ஏட்டிலும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றிய பிறகு இந்தக் கவலை ஒழிந்தது. மக்களுக்கு நல்ல மாற்றம் அது.

கேஷியர் வேலை தனி. குறைந்தால் கைக்காசைப் போட்டுச் சரிசெய்ய வேண்டியது அவர். அதிகமானால் எடுத்துக்கொள்ள முடியாது. தனிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டில். பாக்கெட்டைச் சுற்றிய சீட்டில் எண்ணியவரின் கையெழுத்து இருக்கும். எந்த ஊர் போய்ப் பிரித்தாலும் குறைவுக்கு அவரே பொறுப்பு. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க இயந்திரம் வருவதற்கு முன் விரல் நுனிதான் இயந்திரம். 2001-இல் நோட்டுக் கட்டுகளில் பின் அடிப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொல்லும்வரை, தடிமனான பின்களைப் பிடுங்கிப் பிடுங்கி விரல் காய்த்துப் போன கேஷியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள்.

நகை மதிப்பீட்டாளரின் இடம் இவர்கள் எல்லோரையும்விட விசித்திரமானது. அவர் வங்கி ஊழியர் பட்டியலிலேயே இருக்கமாட்டார். பொற்கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ நகைத் தொழில் தெரிந்தவராகவோ இருப்பார். மதிப்பிடும் ஒவ்வொரு கடனுக்கும் கமிஷன். சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை. ஆனால் மேலாளர்கள் பலர் வந்து போன பிறகும் அதே மூலையில் தராசோடும் உரைகல்லோடும் உட்கார்ந்திருப்பார். கல்லில் உரைத்து, அமிலத் துளி விட்டு, கோடு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். நகைக்குள் இருக்கும் அரக்கு, பதித்த கல், அழுக்கு எல்லாவற்றுக்கும் கழித்து நிகர எடை சொல்வார். அதன் பிறகு அந்த நகை பைக்குள் போய், சீட்டு கட்டப்பட்டு, ஸ்ட்ராங் ரூமுக்குள் போகும். அவர் சொன்ன தரம் தவறென்றால் நஷ்டம் வங்கிக்கு; பழி அவருக்கு. தவறாமல் சொன்னதற்கு ஓய்வுக் காலப் பலன் எதுவும் கிடையாது. வங்கித் தொழிலின் பெரிய அநியாயங்களில் இது ஒன்று.

டெல்டாவில் நகைக் கடனுக்கும் பயிருக்கும் நேரடித் தொடர்பு. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாளாக நிலைத்தது. அந்தத் தேதியை ஒட்டி நகைகள் வங்கிக்குள் வரும். குறுவை விளைந்து கொஞ்சம் திரும்பும். சம்பா அறுத்து, தை மாசியில் கல்யாணங்கள் வரும்போது மீதி நகைகள் வெளியே போகும். தண்ணீர் தாமதமான வருடங்களில் இந்த வரிசை குலைந்துவிடும். நகை ஏலத்துக்குப் போகும் பேச்சு அப்போதுதான் வரும். ஏல நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் மதிப்பீட்டாளரோ பியூனோ வீட்டுக்கே போய், 'வட்டியையாவது கட்டி மாத்தி வையுங்க' என்று சொல்லிவிட்டு வருவது பல கிளைகளில் எழுதப்படாத வழக்கம். எந்தக் குடும்பத்து நகை இரண்டு தலைமுறையாக வந்து போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பியூன், அட்டெண்டர், தஃப்தரி என்று பெயர் மாறினாலும் கடைநிலை ஊழியரின் வேலை ஒன்றுக்குள் ஒன்று கலந்தது. லெட்ஜர்களைத் தூக்கி மேஜைக்கு மேஜை கொடுப்பது, அன்றைய வவுச்சர்களைத் தேதிவாரியாகத் தைத்து ரெக்கார்டு ரூமில் அடுக்குவது, செக்குகளை மற்ற வங்கிகளுக்கு எடுத்துப் போவது. எழுதத் தெரியாதவர்களுக்குச் சலான் எழுதிக் கொடுப்பதும் அநேகமாக அவர்தான். பத்து வருடம் முந்தைய வவுச்சரை ஆடிட்டர் கேட்டால், பதிவேட்டில் தேடுவதைவிட அவரைக் கேட்பதுதான் சுலபம்.

இவர்களின் சம்பளமும் பணி நிலையும் வெகுகாலம் முதலாளியின் மனம் போல இருந்தன. 1946 ஏப்ரலில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் உருவானது. 1953-இல் சாஸ்திரி தீர்ப்பாயம் நாடு முழுமைக்கும் வங்கி ஊழியர் ஊதியத்துக்கு ஒரு வரையறை கொடுத்தது. மேல்முறையீட்டில் கிடைத்த தீர்ப்பை மத்திய அரசு திருத்தியதை ஏற்காமல் 1954-இல் தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி பதவியை விட்டார். அதே கிரிதான் 1969 ஜூலை 19 அன்று, தற்காலிகக் குடியரசுத் தலைவராக, பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே 1966 அக்டோபரில் முதல் இருதரப்பு ஒப்பந்தம் வந்தது. ஊதியம், வேலை நேரம், லீவு, பதவி உயர்வு எல்லாம் வங்கிகளும் சங்கங்களும் பேசி முடிவு செய்யும் ஏற்பாடு அதிலிருந்து தொடங்குகிறது.

1960-கள் சின்ன வங்கிகளுக்குச் சோதனைக் காலம். 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அதன் பின் ரிசர்வ் வங்கிக்கு வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் வந்தது. 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. இப்போது 5 லட்சம். 1951-இல் 560-ஐத் தாண்டியிருந்த வங்கிகளின் எண்ணிக்கை 1960-களின் இறுதியில் நூறுக்கும் கீழே வந்துவிட்டது. மன்னார்குடியின் சொந்த வங்கியான மன்னார்குடி பேங்க், இந்தியன் வங்கியோடு சேர்ந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கும்பகோணம் வங்கி விழுங்கப்படாமல், மற்றவற்றைச் சேர்த்துக்கொண்டு பிழைத்தது. 1957-இல் காமன்வெல்த் வங்கியை எடுத்துக்கொண்டதில் ஆடுதுறை, குடவாசல், வலங்கைமான், ஜெயங்கொண்டசோழபுரம், அரியலூர் கிளைகள் வந்தன. 1965 ஏப்ரலில் சிட்டி ஃபார்வர்டு வங்கி, யூனியன் வங்கி ஆகிய இரண்டு உள்ளூர் வங்கிகள் இணைந்தன. கும்பகோணம், நன்னிலம், கொரடாச்சேரி, திருவிடைமருதூர், திருப்பனந்தாள், குத்தாலம் என்று மேலும் ஆறு கிளைகள். பெயர் 'தி கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க்' ஆனது. அதே வருடம் செப்டம்பர் 24 அன்று சென்னை தியாகராய நகரில் முதல் சென்னைக் கிளை திறந்தது. இப்படி இணையும்போது வெளியே பெயர்ப்பலகை மாறும். உள்ளே மேஜைக்குப் பின்னால் அதே ஆள் இருப்பார். வாடிக்கையாளரைப் பொறுத்தவரை வங்கி மாறவே இல்லை. இணைப்புகள் கலவரமில்லாமல் நடந்ததற்கு அந்த முகங்கள் முக்கியக் காரணம்.

1969-இல் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைப்புத்தொகை உள்ள வங்கிகள்தான் நாட்டுடைமை ஆயின. தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டவற்றில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பட்டியலில் இருந்தன. கும்பகோணம் வங்கி அந்த அளவுக்குப் பெரிதல்ல. தனியார் வங்கியாகவே தொடர்ந்தது. ஆனால் அலை எல்லோரையும் தொட்டது. 1969-இல் நாடு முழுக்க எண்ணாயிரத்துச் சொச்சமாக இருந்த வங்கிக் கிளைகள், இருபது ஆண்டுகளில் ஏழு மடங்குக்கு அருகே பெருகின. அப்போது வேலைக்குச் சேர்ந்த தலைமுறைதான் இன்று 'பழைய பேங்க் ஆளுங்க' என்றால் ஊர்களில் நினைவுக்கு வருபவர்கள்.

இந்தத் தலைமுறை ஏன் ஒரே கிளையில் தங்கியது என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. கிளார்க் பதவி உயர்வு பெற்று அதிகாரி ஆனால் எங்கு வேண்டுமானாலும் மாற்றல் வரும். கிளார்க்காகவே இருந்தால் மாற்றல் மிகக் குறைவு. வயதான பெற்றோர், சொந்த வீடு, கொஞ்சம் நிலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேறு வேலையில் இருக்கும் மனைவி அல்லது கணவர் என்று ஒவ்வொருவருக்கும் ஊரில் வேர் இருந்தது. பதவி உயர்வை எழுதிக் கொடுத்து மறுத்தவர்கள் ஏராளம். இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பேங்கர்ஸ் நடத்திய தேர்வுகளை முடித்து, அதற்குரிய இன்கிரிமென்டை வாங்கிக்கொண்டு, கிளார்க் நாற்காலியிலேயே இருந்துவிட்டவர்கள். முன்னேறத் தெரியாதவர்கள் என்று தலைமை அலுவலகங்கள் இவர்களை எடைபோட்டது உண்டு. அது சரியான எடை இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலாளர் மாறும் கிளை தடுமாறாமல் ஓடியது இவர்கள் மறுத்ததால்தான்.

புதுக் கணக்குத் தொடங்கும் முறையே இவர்களை நம்பித்தான் இருந்தது. ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அறிமுகம் செய்பவரையும் கிளையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2002-இல் ரிசர்வ் வங்கி 'வாடிக்கையாளரை அறிந்துகொள்' விதிகளைக் கொண்டுவந்த பிறகு அறிமுகத்தின் இடத்தை அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் பிடித்தன. அறிமுகத்துக்கு ஆள் கிடைக்காத கூலித் தொழிலாளிக்கும் வெளியூர்க்காரருக்கும் இதனால் கதவு திறந்தது. ஊரில் செல்வாக்கு இல்லாதவரைப் பழைய முறை வெளியே நிறுத்தியிருந்தது. பழைய கிளையின் நெருக்கத்தை நினைத்து உருகுபவர்கள் மறந்துவிடும் பக்கம் அது.

நீண்ட காலம் ஒரே இருக்கையில் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாம் ஒருவருக்கே தெரியும் என்றால், ஏமாற்றவும் அவரால்தான் முடியும். செயலற்ற கணக்குகளில் கை வைத்தது, போலி நகைக்குக் கடன் எழுதியது போன்ற மோசடிகளில் பழகிய கைகள் இருந்தது உண்டு. அதனால் மேஜை மாற்றிப் போடும் பணிச் சுழற்சியையும், கட்டாயம் லீவில் அனுப்பி அந்த நாட்களில் வேறொருவரை உட்கார வைத்துப் பார்க்கும் முறையையும் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. நேர்மையான ஊழியருக்கு இது மனத்தாங்கலாக இருந்திருக்கலாம். ஆனால் பிறர் பணத்தைக் காக்கும் இடத்தில் தேவையான ஏற்பாடு.

கணினி மெதுவாகத்தான் வந்தது. வேலை போய்விடும் என்று சங்கங்கள் எதிர்த்தன. 1983-இல் எந்த அளவுக்கு இயந்திரம் வரலாம் என்று ஓர் ஒப்பந்தம் ஆனது. முதலில் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள், பிறகு கிளை முழுவதற்குமான கணினி, கடைசியில் எல்லாக் கிளைகளையும் ஒரே மையத்தில் இணைக்கும் கோர் பேங்கிங். இந்தக் கடைசி மாற்றம்தான் பெரியது. அதுவரை ஒருவர் மன்னார்குடிக் கிளையின் வாடிக்கையாளர். அதன் பிறகு வங்கியின் வாடிக்கையாளர். கையெழுத்து திரையில் வந்தது, மீதி திரையில் வந்தது, ஃபோலியோ நம்பரை நினைவில் வைத்திருந்தவரின் திறமைக்கு வேலை இல்லாமல் போனது. ஒன்றும் தெரியாத ஊரில் புதிதாக உட்கார்ந்தவரும் முதல் நாளே பணம் கொடுக்க முடிந்தது.

பொதுத்துறை வங்கிகளில் 2000–01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் வெளியேறினார்கள். இருபது வருடம், முப்பது வருடம் பார்த்த ஆட்கள் ஒரே சமயத்தில் எழுந்து போனதில் பல சிறிய ஊர்க் கிளைகள் திணறின. 1987 டிசம்பரில் 'சிட்டி யூனியன் பேங்க்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட கும்பகோணம் வங்கிக்கு இந்த அடி நேரடியாக விழவில்லை. அதன் அக்கம்பக்கத்து வங்கிகள் சில அந்தக் காலத்துக்குள் மறைந்திருந்தன. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியோடும், மதுரை வங்கி 2001-இல் ஐசிஐசிஐ-யோடும் சேர்ந்தன. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கிக்குள் போனது. கும்பகோணம், கரூர் வைஸ்யா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் என மிஞ்சிய பழைய தனியார் வங்கிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது, அத்தனை வருட மாற்றங்களுக்குப் பிறகும் கூட்டம் வந்து நின்றது கிளை வாசலில்தான். ஓய்வு பெற்ற கேஷியர்களைத் தற்காலிகமாகத் திரும்ப அழைத்த வங்கிகள் உண்டு. அதே மாதம்தான் சிட்டி யூனியன் வங்கி சென்னையில் 'லட்சுமி' என்ற ரோபோவை வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறுத்தியது. டோக்கன் கூப்பிட்ட காலமும் ரோபோ பதில் சொல்லும் காலமும் ஒரே வங்கியின் ஒரே ஊழியர் தலைமுறைக்குள் அடங்கிவிட்டன. 1978-இல் கையால் லெட்ஜர் எழுதச் சேர்ந்த இருபது வயதுக்காரர், அறுபதில் ஓய்வு பெறும்போது அது நடந்துவிட்டது.

இன்று அந்த வங்கிக்கு 800-க்கும் மேற்பட்ட கிளைகள். ஓய்வு பெறுபவர்களின் இடத்துக்கு வரும் இளைஞர்கள் பலர் சில வருடங்களில் வேறு வங்கிக்கோ வேறு வேலைக்கோ போய்விடுகிறார்கள். எல்லா வங்கிகளுக்கும் பொதுவான நிலை அது. நகைக் கடன் மட்டும் குறையவில்லை, தங்கம் விலை ஏற ஏறப் பெருகிக்கொண்டே போகிறது. அதனால் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவரின் இடம் இன்னும் காலியாகவில்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக் கடனுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. நகையை மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் உடன் இருக்க வேண்டும், எல்லாக் கிளைகளிலும் ஒரே மதிப்பீட்டு முறை இருக்க வேண்டும், கடன் தீர்ந்தால் அன்றே அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பவை அவற்றில் சில. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றும் வரம்பு உயர்ந்தது. வரம்பு உயர உயர, மதிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் வங்கி தாங்கும் இடைவெளி குறைகிறது. மதிப்பீட்டாளரின் பொறுப்பு அந்த அளவுக்குக் கூடியிருக்கிறது. அவருடைய கமிஷன் முறை மட்டும் பெரும்பாலான வங்கிகளில் அப்படியே தொடர்கிறது. அவரை நிரந்தர ஊழியராக்க வேண்டும் என்ற கோரிக்கை பல வருடங்களாகச் சங்கங்களின் பட்டியலில் இருந்துகொண்டிருக்கிறது.